தபாலில் வந்த பட்டமும் வாலாஜா சாலை மண்டபமும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் குறித்துச் சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் வந்த ஒரு சிறு பதிலுக்கு வாசகர்களிடமிருந்து எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. மெரினாவின் வடகோடியில், வாலாஜா சாலை கடற்கரைச் சாலையைத் தொடும் இடத்தில், நான்கு மூலைக் கோபுரங்களோடு நிற்கும் அந்தச் செங்கல் கட்டடம் 1874 ஏப்ரலில் தொடங்கி 1879-இல் முடிந்தது. நெடுங்காலம் பாழடைந்து கிடந்தபின், பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டு விழாவை ஒட்டிச் சீரமைக்கப்பட்டது. கடிதங்களில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இம்முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் தந்தையார் 1950-களில் பி.ஏ. தேறினார். பட்டமளிப்பு விழாவுக்குச் சென்னை செல்ல வசதி இல்லாததால் பட்டம் தபாலில் வந்தது. கடைசிவரை அவர், “செனட் ஹவுஸ்ல கவுன் போட்டு நின்னு வாங்கியிருக்கணும்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சீரமைத்த கட்டடத்தின் படத்தைப் பத்திரிகையில் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஒரு கட்டடத்தின்மீது ஒருவருக்கு இவ்வளவு ஏக்கம் இருக்க முடியுமா?
— வாசகி, விழுப்புரம்

பதில்: முடியும், அம்மா. அந்த ஏக்கத்திற்கு அந்தப் பல்கலைக்கழகம் அமைந்த விதத்திலேயே காரணம் இருக்கிறது.

1857 செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டத்தின் வழியே பிறந்த சென்னைப் பல்கலைக்கழகம், லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டது. பாடம் நடத்தும் வேலை அதற்கு அப்போது இல்லை. பாடத்திட்டம் வகுப்பது, தேர்வு நடத்துவது, தேறியவருக்குப் பட்டம் தருவது ஆகியவையே அதன் பணிகளாக இருந்தன. தானே பாடம் நடத்தும் அதிகாரத்தை 1904-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதற்கு அளித்தது. ஆகவே கும்பகோணத்தில் படித்தவரும், திருச்சியில் படித்தவரும், பாளையங்கோட்டையில் படித்தவரும் “சென்னைப் பல்கலைக்கழக மாணவர்” என்று சொல்லிக்கொண்டாலும், அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை ஒரு பதிவு எண்ணும் ஒரு கேள்வித்தாளும் மட்டுமே. அந்தப் பெயருக்குச் சுவரும் கூரையும் உடைய உருவம் ஒன்று இருந்ததென்றால், அது இந்த மண்டபம்தான். வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ரயிலேறி வந்த இளைஞன், வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியை அதன்மேல் போட்டுக்கொண்டு வேந்தராகிய ஆளுநரின் முன்னால் நின்றபோதுதான், தான் எழுதிய தேர்வுகளுக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருப்பதைக் கண்ணால் கண்டான்.

அதன்பின் ஸ்டூடியோவுக்குப் போய், சுருட்டிய தாளைக் கையில் பிடித்தபடி எடுத்துக்கொண்ட புகைப்படம், வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்கு அடுத்த வரிசையில் தொங்கும். பி.ஏ. தேறாதவர்கள்கூடத் தேர்வு எழுதிய செய்தியைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டதாகக் கேலியாகச் சொல்வார்கள். பட்டத்திற்கு அன்று ஊரில் இருந்த மதிப்பு அப்படி. உங்கள் தந்தையாரிடம் பட்டம் இருந்தது, புகைப்படம் இல்லை. அவர் கட்டடத்துக்காக ஏங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. தான் நின்றிருக்க வேண்டிய இடம் ஒன்று காலியாகவே இருப்பதை நினைத்து ஏங்கியிருக்கிறார்.

நான் இந்தக் கட்டடத்தை முதன்முதலில் நின்று பார்த்தது எந்த விழாவிலும் அல்ல. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தின் டிக்கெட் வரிசையில் பொழுது போகாமல் நின்றபோதுதான். அன்று அது கறுத்துப்போய், சாளரங்கள் உடைந்து, புறாக்களுக்குச் சொந்தமாக இருந்தது. யாருடையதோ பழைய கோடவுன் என்று நினைத்துக்கொண்டேன். தந்தையர் தலைமுறை கனவு கண்ட மண்டபம் மகன் கண்ணுக்குக் கோடவுனாகத் தெரியும் அளவுக்கு ஒரு நகரம் அதை மறந்திருந்தது.

கேள்வி: வெள்ளைக்காரன் தன் அதிகாரத்தைக் காட்டக் கட்டிய கட்டடத்திற்குச் சுதந்திர இந்தியாவில் மக்கள் பணத்தைக் கொட்டிப் பழுது பார்ப்பதைப் ‘பண்பாட்டுப் பெருமை’ என்று எழுதுகிறீர்கள். இது அடிமைப் புத்தி அல்லவா?
— வாசகர், மதுரை

பதில்: கோபமான கேள்வி, ஆனால் ஒதுக்கிவிடக் கூடிய கேள்வி அன்று. பாதியை ஒப்புக்கொள்கிறேன். சேப்பாக்கம் என்ற நிலமே ஆற்காட்டு நவாபுடையது. முகம்மது அலி வாலாஜா 1768-இல் கட்டிக்கொண்ட அரண்மனையும் அதைச் சுற்றிய பரப்பும், 1855-இல் நவாப் பட்டம் ஒழிக்கப்பட்ட பிறகு அரசாங்கத்தின் கைக்குப் போயின. அந்த நிலத்தின்மேல் அரசு அலுவலகங்களும் கல்லூரியும் செனட் இல்லமும் எழுந்தன. வெளியே விக்டோரியா அரசியின் சிலையும் ஒரு சிறு மண்டபத்தின்கீழ் உட்கார்ந்திருக்கிறது. அதிகாரத்தைக் காட்டுவது நோக்கமாக இருந்தது என்பதில் ஐயமில்லை.

மறுபாதிக்கு வருவோம். செனட் இல்லத்திற்கும் மாநிலக் கல்லூரிக்கும் 1864-இல் அரசாங்கம் நடத்திய வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிசோம் என்ற இளைஞர். முதலில் எழுந்தது 1870-இல் திறக்கப்பட்ட மாநிலக் கல்லூரி. அதைப் பார்த்தால் இத்தாலிய நகரத்துக் கட்டடம் ஒன்று கடலோரம் வந்து நிற்பது போல இருக்கும். செனட் இல்லம் எழும்போது அவருடைய கை மாறியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த வேலை, நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை அரசு அலுவலகமாக மாற்றி விரிவுபடுத்துவது. அதன் வளைவுகளையும் மினார்களையும் அளந்து, அதே பாணியில் புதியவற்றைச் சேர்த்த மனிதர், அடுத்த கட்டடத்தில் பழைய ஐரோப்பிய இலக்கணத்துக்குத் திரும்பவில்லை. பைசாந்தியக் கவிகை (குவிமாடம்), இஸ்லாமிய வளைவு, இந்தியச் சிற்ப மரபின் அலங்காரம், வண்ணக் கண்ணாடி என எல்லாம் கலந்த, ‘இந்தோ-சாரசனிக்’ என்று பிற்காலத்தார் பெயரிட்ட பாணியின் தொடக்ககால முயற்சிகளில் ஒன்றாகச் செனட் இல்லம் அமைந்தது. கடற்கரைச் சாலையில் சில நிமிட நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம். ஒரே மனிதர் ஓர் ஊரிடமிருந்து என்ன கற்றுக்கொண்டார் என்பது அந்த நடையில் தெரியும். அவர் காகிதத்தில் கோடு போட்டார். செங்கல்லை வரிசை மாற்றி அடுக்கியும், தூண் தலைப்பைச் செதுக்கியும், சுதையை மெருகேற்றியும் கட்டியவர்கள் இந்த மண்ணின் கொத்தனார்களும் சிற்பிகளும். அவர்களுடைய பெயர்கள் கல்வெட்டில் இல்லை. இடித்துவிட்டால் கைவேலையும் மிஞ்சாது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னை மாகாணச் சட்டப்பேரவை, 215 உறுப்பினர்களோடு முதன்முதலாகக் கூடியது எங்கே? இதே செனட் இல்லத்தில்தான். 1937 ஜூலை 14 முதல் அவ்வாண்டு டிசம்பர் 21 வரை பேரவை இங்கேதான் நடந்தது. மறு ஆண்டு ஜனவரியில்தான் இன்றைய ராஜாஜி மண்டபத்திற்கு இடம் பெயர்ந்தது. ராஜாஜி மாகாண முதன்மை அமைச்சராக அமர்ந்ததும், உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதி துணைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் இந்தக் கூரையின்கீழ்தான். 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்குச் சட்டமும் அந்த மாதங்களில் இயற்றப்பட்டதே. அதிகாரத்தைக் காட்டக் கட்டிய மண்டபத்தில், அந்த அதிகாரத்தின் சிறையிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்து சட்டம் இயற்றினார்கள். அந்தக் காட்சிக்குச் சாட்சியாக நிற்கும் சுவர்களை விக்டோரியாவுக்கு விட்டுக்கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

அரசியின் சிலைக்குப் பக்கத்திலேயே, அதே வளாகத்து முகப்பில், வி. கிருஷ்ணசாமி ஐயரின் சிலையும் இருக்கிறது. 1907-இல் பாரதியின் தேசபக்திப் பாடல்கள் சிலவற்றை அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தவர் அவர். அடுத்த முறை சென்னை வந்தால் அவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க்காரரான சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் இந்த மண்டபத்தில்தான் பட்டம் பெற்றார் என்று என் பேரன் இணையத்தில் படித்துச் சொன்னான். சரிதானா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆள் சரி, இடம் சரியில்லை. பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றவர் கரோல் விசுவநாதபிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்தவர், வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரியில் பயின்றவர்கள். ஆனால் அவர்கள் தேறிய காலத்தில் செனட் இல்லத்திற்கு அடித்தளமே தோண்டப்படவில்லை. அதற்கு இன்னும் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

எனினும் பேரனைக் கடிந்துகொள்ள வேண்டாம். கட்டடம் திறந்து இரண்டாண்டுக்குள், 1881-இல், தாமோதரம்பிள்ளை வீரசோழியம் என்ற இலக்கண நூலைப் பதிப்பித்தார். 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887-இல் கலித்தொகையையும் கொண்டுவந்தார். ஏடு தொட்டால் ஓரம் உதிர்கிற நிலையில் இருந்த நூல்களை அச்சேற்றிக் காத்தவர் அவர். ஆங்கிலக் கல்விக்கென உண்டான பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரியே பழந்தமிழ் நூல்களின் முதல் பதிப்பாசிரியர்களில் ஒருவராகவும் ஆனார் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அதே பல்கலைக்கழகம் பின்னாளில், 1924 முதல் 1936 வரை, ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதியை வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியராக இருந்து நிறைவு செய்தவர் எஸ். வையாபுரிப் பிள்ளை. நூல்களையே மீட்டெடுத்த ஒரு மரபு, தன் கட்டடம் ஒன்றை மீட்டெடுக்க இவ்வளவு தாமதித்தது என்பதுதான் குறை.

கேள்வி: நான் கட்டடப் பொறியாளன். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும்போது சிமெண்டைத் தொடவே கூடாது என்று மரபுக் காப்பாளர்கள் சொல்வது, கொஞ்சம் மிகையான பக்தியாக எனக்குப் படுகிறது. சிமெண்ட் வலுவான பொருள்தானே?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அதன் வலுதான் இங்கே வம்பு. 150 ஆண்டுப் பழைய செங்கல் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். மழையும், தரையிலிருந்து ஏறும் நீரும், மெரினாவில் உப்புக் காற்றும் சேர்ந்து அந்த ஈரத்தில் உப்பும் கலந்திருக்கும். மேலே சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியே வெளியேறும். காரை சில காலத்தில் பொரிந்து உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். சிமெண்ட் பூசினால் ஈரத்திற்கு வழி அடைபடுகிறது. உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி விரிந்து, செங்கல்லின் முகத்தையே மாவாக்கிவிடும். வெளியே பூச்சு பளிச்சென்று நிற்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே டொப்பென்று பொள்ளல் ஓசை கேட்கும். உங்கள் கண்ணுக்கு வலுவாகப் பட்டது சுவரைத் தின்றுகொண்டிருந்திருக்கும். சுவரைவிடப் பூச்சு இளகியதாக இருக்க வேண்டும், அழிவதானால் பூச்சே முதலில் அழிய வேண்டும் என்பதுதான் பழைய மேஸ்திரிகளின் கணக்கு.

அவர்கள் சுண்ணாம்பைக் கையாண்ட முறையையும் சொல்லவேண்டும். கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீற்றி, வாரக்கணக்கில் தொட்டியில் ஊறப்போடுவார்கள். மணல் சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீரை அதில் விடுவார்கள். மேல் பூச்சுக்கு மட்டும் மாவாகச் சலித்த கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவைக் கலந்து, வழவழப்பான கூழாங்கல்லால் மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். உலர்ந்தபின் பளிங்கோ என்று ஐயப்படும்படி முகம் தெரியும். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று கடல் கடந்தும் பெயர் வாங்கியது இந்தப் பூச்சுதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி அது திரும்பவும் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. சிமெண்ட்போல ஒரு மாதத்தில் முடிகிற வேலை அல்ல; ஆண்டுக்கணக்காகும்.

ஒன்றில் நீங்கள் சொல்வதும் சரி. துருவேறிய இரும்பு உத்திரத்தையோ உளுத்துப்போன தேக்கு மரத்தையோ மாற்ற வேண்டிய இடத்தில், இன்றைய பொருளைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பிறகு வருபவர் கழற்றி எடுக்கக் கூடிய வகையில் அதைப் பொருத்தவேண்டும், அவ்வளவே. இத்தகைய வேலைகளில் பணத்தைவிடப் பெரிய தட்டுப்பாடு, சுண்ணாம்பைக் கை அறிந்த கொத்தனார்களுக்குத்தான். ஒரு கட்டடம் சீரமைக்கப்படும்போது பத்து இளைஞர்கள் அந்தக் கையைக் கற்றுக்கொண்டால், கட்டடம் மீண்டதற்குச் சமமாக அதையும் கணக்கில் எழுதுவேன்.

கேள்வி: நூலகத்துக்கும் விடுதிக்கும் பணமில்லாதபோது பழைய மண்டபத்துக்குச் செலவழிக்கலாமா?
— வாசகி, வேலூர்

பதில்: இரண்டும் வேண்டும் என்று சொல்லித் தப்பிக்கலாம், அப்படிச் சொல்லப்போவதில்லை. சீரமைத்துவிட்டுப் பூட்டி வைப்பதானால் உங்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. பழுது பார்த்த மண்டபத்தில் ஆளில்லாவிட்டால் சாளரம் திறக்கப்படாது, ஒழுகுவதை யாரும் கவனிக்கமாட்டார்கள், சில ஆண்டுகளில் மறுபடி முதலிலிருந்து செலவழிக்க வேண்டும். மாணவர்கள் காலடி படாத மண்டபத்துக்கு எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அந்தச் செலவை வீண் என்றே சொல்வேன். சொற்பொழிவோ, கண்காட்சியோ, ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வோ எதையாவது அங்கே தொடர்ந்து நடத்தட்டும். பிறகு நூலகமா மண்டபமா என்ற கேள்வியே எழாது.

கேள்வி: எங்கள் ஊரில் நாங்கள் படித்த கல்லூரியின் நூற்றாண்டுக் கட்டடத்தை முன்னாள் மாணவர்கள் சேர்ந்து புதுப்பிக்கத் தீர்மானித்திருக்கிறோம். தரைக்கு டைல்ஸ், வெளியே எமல்ஷன், உள்ளே பொய்க்கூரை என்று ஒப்பந்தக்காரர் மதிப்பீடு கொடுத்திருக்கிறார். செனட் இல்லத்தைப் போல எங்களாலும் செய்ய முடியுமா?
— முன்னாள் மாணவர், தஞ்சை மாவட்டம்

பதில்: அந்த மதிப்பீட்டைத் தயவுசெய்து கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுங்கள். டைல்ஸ் ஒட்டினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவருக்குத் திரும்பும். பிளாஸ்டிக் கலந்த பெயிண்ட் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டியதற்குச் சமம். பொய்க்கூரை வந்தால், ஒழுகல் எங்கே என்பது உத்திரம் உளுத்த பிறகுதான் தெரியும். நீங்கள் நல்லெண்ணத்தோடு திரட்டிய பணம் கட்டடத்தின் ஆயுளைக் குறைக்கும்.

செனட் இல்லத்தை நினைத்து மலைக்க வேண்டாம். அங்கே வண்ணக் கண்ணாடியும் கவிகையும் இருந்ததால் வேலை பெரிதாயிற்று. உங்கள் கட்டடம் அநேகமாக மெட்ராஸ் தளம் போட்டதாக இருக்கும். தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதற்குமேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்கிய தளம் அது. அந்த வேலை தெரிந்த ஒரு மேஸ்திரியைத் தேடிப் பிடியுங்கள். கோயில் திருப்பணி செய்தவர்களிடம் விசாரித்தால் உங்கள் மாவட்டத்திலேயே கிடைப்பார். வேலை தொடங்குமுன் ஒவ்வோர் அறையையும் புகைப்படம் எடுத்து, சுவரின் பழைய வண்ண அடுக்குகளை ஓர் ஓரத்தில் சுரண்டிப் பார்த்து, அசல் நிறத்தைக் குறித்து வையுங்கள். அங்கே பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலக உதவியாளர்கள் யாரேனும் இருந்தால் அவர்களைக் கூப்பிட்டு ஒருநாள் நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். எந்தக் குழாய் எப்போது அடைத்தது, எந்தக் கதவு எங்கிருந்து மாற்றி வந்தது என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது.

இதற்கெல்லாம் குழு கூடி, கணக்குத் திறந்து, ஆள் தேட மாதங்கள் ஆகும். அதற்கிடையில் செலவில்லாத வேலை ஒன்று உண்டு. மாடியில் ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவர் மூலையில் ஓர் அரசங்கன்று நிச்சயம் முளைத்திருக்கும். மழைநீர்த் தூம்பில் சருகு அடைத்திருக்கும். கன்றைப் பிடித்து இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும் என்பதால், தண்டை அறுத்து வேருக்கு மருந்து வைக்கத் தெரிந்த ஆளை அனுப்புங்கள். சருகை நீங்களே அள்ளிவிடலாம். ஐப்பசி அடைமழைக்கு முன்பாகச் செய்துவிட்டு, கன்று எத்தனை வயதென்று எனக்கு எழுதுங்கள்.